முதல் 150 ரூபாய்: ஆன்லைன் வேலை மோசடி உள்ளே எப்படி நடக்கிறது

வேலை தருகிறேன், முன்பணம் கட்டு என்று எவனாவது கேட்டால் கட்டாதே. இந்தப் புத்திமதி நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். செய்தித்தாளிலும் போலீஸ் அறிவிப்பிலும் வீட்டுப் பெரியவர்கள் வாயிலும் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்துபோனது. ஆனால் இப்போது நடக்கிற மோசடியில் முதலில் பணம் கேட்பதே இல்லை, அவர்கள்தான் முதலில் கொடுக்கிறார்கள். 150 ரூபாய், 210 ரூபாய், சில நேரம் 500 ரூபாய்கூட நிஜமாகவே உங்கள் கணக்கில் வந்து விழும். ஏமாற்றுகிறவன் வாங்குவானே தவிர கொடுக்க மாட்டான் என்று நாம் எல்லாரும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம் இல்லையா, அந்தக் கணக்கை உடைக்கத்தான் அந்த 150 ரூபாய்.

'டாஸ்க்' மோசடி என்று போலீஸ்காரர்கள் சொல்லும் இந்த வகையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். 2023-இல் இந்த அலை பெரிதாக அடித்தபோது +84, +62, +254 என்று வியட்நாம், இந்தோனேசியா, கென்யா நாட்டுக் குறியீட்டோடு வந்தது. இப்போது +91 எண்ணிலிருந்தும் வருகிறது. ஒரு பெண்ணின் படம், ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் ஹெச்.ஆர். என்று அறிமுகம், வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை, ஒரு நாளைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. வேலை என்ன என்று கேட்டால், ஒரு யூடியூப் வீடியோவை லைக் செய்ய வேண்டும், இல்லை கூகுள் மேப்ஸில் ஒரு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று செய்து அனுப்பியதும் உங்களுக்கு ஒரு 'வேலைக் குறியீடு' வரும், அதை டெலிகிராமில் இருக்கும் 'ரிசப்ஷனிஸ்ட்'டிடம் காட்டிச் சம்பளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். அங்கே போனால் பெயர், வயது, இப்போது பார்க்கும் வேலை, யூபிஐ ஐடி எல்லாம் கேட்டு, இரண்டு நிமிடத்தில் 150 ரூபாய் அனுப்பிவிடுவார்கள்.

கேட்கிற விவரங்களில் 'இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்' என்பதைக் கவனியுங்கள். வேலை கொடுக்கிறவன் எல்லாரும் கேட்கிற கேள்விதானே என்று தோன்றும். உங்களிடமிருந்து எவ்வளவு கறக்க முடியும் என்று அவர்கள் எடை போடுவது இதை வைத்துத்தான். கல்லூரி மாணவருக்கு ஒரு தொகை, ஐ.டி. ஊழியருக்கு வேறு தொகை.

அப்புறம் ஒரு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து டாஸ்க் வரும், நடுநடுவே ஒன்று மட்டும் 'ப்ரீபெய்டு டாஸ்க்' அல்லது 'வெல்ஃபேர் டாஸ்க்' என்ற பெயரில் வரும். 1,000 ரூபாய் போட்டால் 1,300 ரூபாயாகத் திரும்பும், விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம், ஆனால் மற்ற டாஸ்க்குகளுக்கு ரேட் குறைந்துவிடும் என்பார்கள். யோசித்துப் பார்த்தால் வேலை என்பது இந்த இடத்தில் முடிந்துவிட்டது, இதற்குமேல் நடப்பது எல்லாம் நீங்கள் பணம் போடுவது மட்டும்தான். ஆனால் குழுவில் இருக்கிற யாருக்கும் அப்படித் தெரியாது, காரணம் காலையிலிருந்து லைக் போட்டுக்கொண்டிருக்கும் அதே விரல், அதே திரை, அதே 'மேடம்'. 1,000 போடுகிறீர்கள், 1,300 வருகிறது. 3,000 போட்டால் 3,900 வருகிறது. இதுவரை வந்தது எல்லாம் உண்மையான பணம்.

அடுத்ததுதான் வலை. இந்த முறை ஒரு டாஸ்க் இல்லை, தொடர்ச்சியாக மூன்றோ நான்கோ. எல்லாவற்றையும் முடித்தால்தான் மொத்தப் பணமும் கைக்கு வரும். முதலாவது 5,000, அடுத்தது 15,000, அதற்கு அடுத்தது 40,000. நாலு, ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவில் உங்களைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள், அதில் உங்களைத் தவிர மற்ற அனைவரும் அந்தக் கும்பலைச் சேர்ந்தவர்கள். ஒருவர் 52,000 ரூபாய் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார். நீங்கள் 15,000-இல் தயங்கி நின்றால் இன்னொருவர், 'சகோதரி, நீங்க முடிக்கலைன்னா எங்க பணமும் மாட்டிக்கும், என் பையன் ஃபீஸ் பணம் இது' என்று கெஞ்சுவார். எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான். உங்கள் ஆசையைவிட உங்கள் இரக்கத்தை வைத்து அடிக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவருக்குத் தன்னால் நஷ்டம் வந்துவிடக் கூடாதே என்று நகையை அடகு வைக்கப் போகிற மனுஷியை என்னவென்று திட்டுவது?

கட்டி முடித்தாலும் பணம் வராது. அவர்கள் கொடுத்த இணையதளத்தில் உங்கள் பெயரில் 1,86,000 ரூபாய் என்று எழுதியிருக்கும், ஆனால் எடுக்க முடியாது. நீங்கள் தப்பான பட்டனை அமுக்கிவிட்டீர்கள், அதைச் சரிசெய்ய ஒரு 'ரிப்பேர் டாஸ்க்' என்பார்கள். பிறகு உங்கள் 'கிரெடிட் ஸ்கோர்' 80-தான் இருக்கிறது, 100 ஆக்கக் கட்டுங்கள். பிறகு வருமான வரி 30 சதவீதம் கட்டினால்தான் வெளியே எடுக்க முடியும் என்பார்கள். வரி என்பது வருகிற பணத்தில் பிடித்துக்கொள்வது, அல்லது நாமே வருமான வரித் துறைக்குக் கட்டுவது. பணத்தைக் கொடுக்க வேண்டியவனே அதை வைத்துக்கொண்டு, அதற்கான வரியைத் தனியாக என் கணக்குக்கு அனுப்பு என்று கேட்டால், அது எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லாத வரி. அந்தத் திரையில் தெரிகிற 1,86,000 வெறும் எண். அதை 18 லட்சம் என்று மாற்றவும் அவர்களுக்கு ஒரு நிமிடம்தான்.

இதைப் படிக்கிற பலருக்குப் 'பேராசை பெரு நஷ்டம்' என்ற பழமொழி நாக்கு நுனியில் நிற்கும். தயவுசெய்து அதைப் பாதிக்கப்பட்டவர் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். இதில் மாட்டுகிறவர்கள் யார்? கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வெளியே போக முடியாத தாய்மார்கள், படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வேலை போனதை இன்னும் வீட்டில் சொல்லாதவர்கள். ஒரு நாளைக்கு 500 ரூபாய் வந்தால் போதும் என்று உள்ளே போனவர்கள்தான் பெரும்பாலும். ஐந்தாயிரம் போட்டவர் பதினைந்தாயிரம் போடுவது கூடுதலாகச் சம்பாதிக்க இல்லை, போட்ட ஐந்தாயிரத்தை மீட்க. போட்ட காசை எடுத்தே ஆக வேண்டும் என்கிற அந்தத் தவிப்பு எல்லா மனிதருக்கும் உண்டு. பேராசைக்காரர் என்று நாம் முத்திரை குத்துகிற நாளிலிருந்துதான் அவர் வெளியே சொல்வதை நிறுத்துகிறார், இன்னும் இரண்டு நாள் போனால் இழந்த பணம் இரண்டு மடங்காகிவிடுகிறது.

அந்த முதல் 150 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பலர் யோசிப்பதில்லை. உங்களைப் போலவே வேறு ஊரில் மாட்டிய இன்னொருவர் கட்டிய பணமாக அது இருக்கலாம். அவர் போலீஸில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அத்தனையும் விசாரணைக்குள் வரும். 150 ரூபாயோடு நிறுத்திக்கொண்டேன், எனக்கு லாபம்தானே என்று சந்தோஷமாக இருந்தவரின் கணக்கும் ஒரு நாள் முடங்கிப்போகலாம். அதனால் 'ஏமாறாமல் முதல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்' என்று ரீல்ஸில் யாராவது சொல்வதைக் கேட்டு இறங்காதீர்கள்.

இன்னும் மோசமானது, கணக்கையே வாடகைக்குக் கேட்கிற வேலை. 'பேமெண்ட் ஹேண்ட்லிங்', 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட்' என்று பெயர் இருக்கும். உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்கிற கணக்குக்கு அனுப்புங்கள், அல்லது ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சில ஆயிரம் ரூபாய்க்கு இப்படிக் கொடுத்துவிடுகிறார்கள். மோசடிப் பணம் ஓடுகிற முதல் கணக்கு அவர்களுடையது, எனவே போலீஸ் முதலில் வந்து நிற்பதும் அவர்கள் வீட்டு வாசலில்தான். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்று பெற்றோர் அழுதாலும் வழக்கில் பெயர் சேர்ந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் கல்லூரி போகிற பிள்ளை இருந்தால் இதை ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவர்கள் பணத்தை இழப்பதைவிட இதுதான் ஆபத்து.

டேட்டா என்ட்ரி மோசடி வேறு ரகம். இதில் ஆசை காட்டுவது கொஞ்சம், பயமுறுத்துவதுதான் அதிகம். ஆதாரும் கையெழுத்தும் வாங்கி ஒரு 'அக்ரிமெண்ட்' போடுவார்கள். ஐந்து நாளில் இத்தனை படிவம், 90 சதவீதம் பிழையில்லாமல் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். நீங்கள் எவ்வளவு சரியாக அடித்தாலும் அவர்கள் 'க்வாலிட்டி செக்'கில் தேற மாட்டீர்கள், அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆறாவது நாள் வக்கீல் என்று ஒருவர் போன் செய்வார். கோர்ட் முத்திரை மாதிரி எதையோ அச்சடித்த நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரும். இன்று மாலைக்குள் 5,000, 6,000 கட்டாவிட்டால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும், வேலைக்கே போக முடியாதபடி வழக்குப் பதிவாகும் என்பார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். ஒப்பந்தப்படி வேலையை முடிக்கவில்லை என்பது உரிமையியல் (சிவில்) விஷயம், அதற்காக யாரையும் வந்து கைது செய்ய மாட்டார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, அபராதம் என்று தாளில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது, அதையும் நீதிமன்றம்தான் முடிவு செய்யும். ஏமாற்றி வாங்கிய சம்மதத்தோடு போட்ட ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் 19-ஆவது பிரிவுப்படி ரத்து செய்துகொள்ளலாம். உண்மையான நீதிமன்ற சம்மன் 'மாலை 5 மணிக்குள் கூகுள் பே செய்' என்று வராது. அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள், நோட்டீஸை அழிக்காமல் சேமித்து வையுங்கள், ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஒருமுறை கட்டினால், ஆட்சேபணை இல்லை என்று சான்று தர 'என்.ஓ.சி. கட்டணம்' என்று அடுத்த போன் வரும்.

ஆஃபர் லெட்டர் அனுப்பிவிட்டு லேப்டாப் கூரியர் செலவு, பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று கேட்கிற பழைய பாணியும் நின்றுவிடவில்லை. இங்கே பார்க்க வேண்டியது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற பகுதி. பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த டொமைனிலிருந்துதான் கடிதம் அனுப்பும், ஜிமெயிலில் அனுப்பாது. சொந்த டொமைன் மாதிரியே தெரிந்தாலும் நடுவில் 'கேரியர்ஸ்', 'ஹெச்ஆர்' என்று ஒரு ஒட்டு சேர்ந்திருக்கிறதா, ஒரு எழுத்து மாறியிருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கம்பெனிப் பதிவு எண் போட்டிருக்கிறதே, கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் தேடினால் அந்தப் பெயரில் கம்பெனி நிஜமாகவே இருக்கிறதே என்பது ஒரு சாட்சியே இல்லை. இருக்கிற கம்பெனியின் எண்ணைத்தான் திருடிப் போடுவார்கள். அந்தக் கம்பெனியின் உண்மையான இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அங்கே இருக்கிற எண்ணுக்குப் போன் செய்து, இப்படி ஒரு கடிதம் அனுப்பினீர்களா என்று கேட்பதுதான் சோதனை. கடிதத்தில் இருக்கிற எண்ணுக்குச் செய்தால் அவர்களேதான் எடுப்பார்கள்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டால் ஏமாற மாட்டோம் என்ற நம்பிக்கையும் நிறையப் பேருக்கு உண்டு. 2022-இல் ரயில்வே வேலை என்று நம்பித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் டெல்லிக்குப் போனார்கள். டி.டி.ஈ., கிளார்க் வேலைக்கான பயிற்சி என்று சொல்லி, புது டெல்லி ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களில் தினமும் 8 மணி நேரம் நிற்க வைத்து, வந்து போகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் எண்ணினார்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள், மொத்தம் 2.67 கோடி ரூபாய் என்று புகாரில் இருந்தது. மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, நியமன உத்தரவு எல்லாமே நடந்தன. ரயில்வே வேலைக்குத் தேர்வு வாரியம் விளம்பரம் செய்து, தேர்வு வைத்து, இணையதளத்தில் முடிவு போட்டுத்தான் ஆள் எடுக்கும், பணம் கட்டி நுழைகிற வாசல் கிடையாது. இது அவர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும், ஆனால் கண்ணால் பார்த்த ரயில் நிலையம் காதால் கேட்ட விதியை அமுக்கிவிட்டது.

வெளிநாட்டு வேலையில் போவது பணத்தோடு நிற்பதில்லை, ஆளே போய்விடுகிறார். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவுத் துறை ஒரு எச்சரிக்கை விட்டது: தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்டு மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று ஐ.டி. தெரிந்த இளைஞர்களை அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என்று. பாங்காக் விமான நிலையத்தில் கார் வந்து ஏற்றிக்கொள்ளும். பல மணி நேரம் ஓடி மே சோட் என்ற எல்லை ஊரில் நிற்கும், ஆற்றைக் கடந்தால் மியாவாடி. அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் பிறரை ஏமாற்றுகிற வேலையில் உட்கார வைப்பார்கள், மறுத்தால் அடி, வெளியே விட வேண்டுமென்றால் வீட்டிலிருந்து பணம். அந்த ஆண்டு அக்டோபரிலேயே தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்துவரப்பட்டார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் சொன்னது. இலங்கையிலிருந்து போனவர்களும் மியாவாடியில் இருந்தார்கள். உங்களுக்கு 'ஹாய், பார்ட் டைம் ஜாப்' என்று வருகிற செய்தியை அடித்தவரே இப்படி ஒரு வேலைக்கு நம்பிப் போய் மாட்டிய யாரோ ஒருவராக இருக்கலாம்.

ஏஜென்ட் வாயிலிருந்து 'டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்று வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இந்திய அரசின் 'இமைக்ரேட்' இணையதளத்தில் இருக்கிறது, அவர்கள் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. 3 லட்சம் கேட்டால் அதிலேயே பதில் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1800 11 3090 என்ற இலவச எண் உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இயங்குகிறது, அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தொலைபேசி எண் 1989.

சரி, லைக் போடுகிற வேலை ஏதாவது உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டால், கிடையாது. காசு கொடுத்து லைக் வாங்குவது யூடியூப் விதிகளுக்கு எதிரானது, காசு வாங்கிக்கொண்டு ரிவ்யூ போடுவது கூகுள் மேப்ஸ் விதிகளுக்கு எதிரானது. அந்தப் பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி வருகிறதே, அது இதற்கெல்லாம் ஆள் எடுக்காது. 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரைப்படி இந்த மாதிரி பகுதி நேர வேலை, முதலீட்டு மோசடி இணையதளங்கள் 100-க்கு மேல் முடக்கப்பட்டன. அடுத்து வேறு பெயரில் வந்துவிட்டார்கள். அதனால் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை, பணம் எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்களிடமிருந்து அவர்களுக்கு முதல் ரூபாய் போகச் சொல்கிற நொடியில், அதற்கு முன்னால் எவ்வளவு வந்திருந்தாலும், போனைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

பணம் போய்விட்டதா? அப்படியானால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாளை காலை இல்லை, இப்போதே. நீங்கள் அனுப்பிய பணம் நிமிடக் கணக்கில் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏ.டி.எம். வழியாகவோ கிரிப்டோவாகவோ வெளியே போய்விடும். 1930-இல் பதிவான புகார் வங்கிகளுக்குப் போய், நடுவழியில் மிச்சம் இருக்கிற தொகையைத்தான் நிறுத்தி வைக்க முடியும். பேசும்போது எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த யூபிஐ ஐடிக்கு என்பதோடு, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் இருக்கிற 12 இலக்க யூ.டி.ஆர். எண்ணையும் சொல்ல வேண்டும், கூகுள் பே போன்ற ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் விவரமாகப் பதிவு செய்யலாம், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். கோபத்தில், அவமானத்தில் டெலிகிராம் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் நிறைய, அதைச் செய்யாதீர்கள், அந்தப் பக்கம் இருப்பவர் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி என்று வழக்குப் போட அவைதான் ஆதாரம். நிறுத்தி வைத்த பணம் கைக்கு வர நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கலாம், மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்த மாதங்களில் இன்னொரு கும்பல் வரும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், நாங்கள் சைபர் பிரிவு வக்கீல், 10 சதவீதம் மட்டும் முன்பணம் என்று. உங்கள் பெயரும் நீங்கள் இழந்த தொகையும்கூடச் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் முதலில் ஏமாற்றியவர்களிடமிருந்தே அந்தப் பட்டியல் போயிருக்கும். 1930-இல் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது, பணத்தை மீட்டுத் தரப் போலீஸ் உங்களிடம் சதவீதம் கேட்காது, டெலிகிராமில் வந்து பேசவும் பேசாது.